பழனி மலைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

பழனிக்கு முதல்முறை போகிற பலரும் அடிவாரத்தில் இறங்கியதும் தண்டவாளத்தில் மேலே இழுத்துப்போகும் விஞ்சுக்கோ ரோப் காருக்கோ சீட்டு எடுக்கிறார்கள். மேலே போய் வரிசையில் நின்று, தண்டாயுதபாணியைச் சில விநாடி பார்த்துவிட்டு, ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தோடு இறங்கிவிடுகிறார்கள். அவனைப் பார்த்தால் போதும் என்று வருகிறவர்களுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பழனியின் கதைகள் அடிவாரத்தில் தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சியில் சித்தர் போகரிடம் போய் நிற்பவை. அந்த வரிசையில் நீங்களும் நடந்தால்தான் மேலே நிற்கிறவன் யார், ஏன் அப்படி நிற்கிறான் என்பது புரியும். அதனால் இந்தக் குறிப்புகளையும் அதே வரிசையில் எழுதுகிறேன். ஒரு முழு நாள் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.

எப்போது போகலாம்

முதல்முறை என்றால் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போவது நல்லது. தைப்பூசம், பங்குனி உத்திரம், கந்த சஷ்டி, கிருத்திகை, ஞாயிற்றுக்கிழமை, தொடர் விடுமுறை ஆகிய நாட்களில் மலையே தெரியாத அளவுக்கு ஆள் இருக்கும். கார்த்திகை மாதம் பிறந்ததிலிருந்து தை தொடக்கம் வரை சபரிமலை சீசன். ஐயப்ப பக்தர்கள் போகும்போதோ வரும்போதோ பழனியையும் சேர்த்துக்கொள்வார்கள். இது பலர் கணக்கில் வராமல் விட்டுப்போகும் கூட்டம். இவை எதுவும் இல்லாத வாரநாள் ஒன்றில், புதனோ வியாழனோ, போனீர்கள் என்றால் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

சித்திரைக் கடைசி ஏழு நாட்களும் வைகாசி முதல் ஏழு நாட்களும் அக்னி நட்சத்திர விழா. வெயில் உச்சத்தில் இருக்கும் அந்த நாட்களில் ஊர்க்காரர்களும் சுற்று வட்டாரத்து மக்களும் அதிகாலையிலும் மாலையிலும் மலையைச் சுற்றி வலம் வருவார்கள். கடம்ப மலர் சூடிக்கொண்டு வருகிற பெண்களைப் பார்க்கலாம். வெயில் தாங்குவீர்கள் என்றால் அதுவும் நல்ல காலம்தான். ஆனால் நடுப்பகலில் மட்டும் ஏற வேண்டாம்.

வந்து சேர்வது

பழனி திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் 110, 120 கிலோமீட்டர் வரும். திண்டுக்கல் – பொள்ளாச்சி ரயில் பாதையில் பழனி ஒரு நிலையம்; சென்னை, மதுரை, திருச்செந்தூர், பாலக்காடு பக்கமிருந்து வண்டிகள் இந்த வழியாகப் போகின்றன. திண்டுக்கல் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு ஒட்டன்சத்திரம் தாண்டியதுமே ஜன்னல் வழியாகக் கொடைக்கானல் மலைத்தொடர் தெரிய ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் தனியாக நிற்கும் சிறிய குன்று ஒன்று, தலையில் கோபுரத்தோடு தெரிந்தால், அதுதான் நீங்கள் ஏறப்போகும் மலை.

பேருந்து நிலையத்திலிருந்து அடிவாரம் நடக்கிற தூரம்தான். குதிரை வண்டியும் ஆட்டோவும் கிடைக்கும். ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் வந்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மலையைச் சுற்றியுள்ள கிரிவீதியில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 முதல் தனியார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. வெளியே நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். முதியவர்களுக்காகக் கோயில் நிர்வாகத்தின் பேட்டரி கார்கள் கிரிவீதியில் ஓடுகின்றன. வண்டிகள் இல்லாத கிரிவீதி இப்போது நிம்மதியாக நடக்கும்படி இருக்கிறது. முன்பு ஹாரன் சத்தத்துக்கு நடுவே வலம் வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொன்று. நீங்கள் இறங்கியவுடனே யாராவது கூடவே நடந்து வந்து, "அண்ணா, சீக்கிரம் தரிசனம் முடிச்சுத் தர்றேன், என்கூட வாங்க" என்பார்கள். பூஜைத் தட்டுக் கடைக்காரர்கள், "அக்கா, செருப்பை இங்கேயே விட்டுட்டுப் போங்க, காசு வேண்டாம்" என்பார்கள். திரும்பி வரும்போது தட்டுக்கு ஒரு விலை சொல்வார்கள். இருவருக்கும் ஒரே பதில்தான்: "வேண்டாங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு நடங்கள். பொது தரிசனம் இலவசம். அவசரம் என்றால் கட்டண வரிசைக்குக் கோயில் கவுண்டரிலேயே சீட்டு தருகிறார்கள். செருப்புக்கும் கோயில் தரப்பிலேயே காப்பகம் இருக்கிறது.

முதலில் திருவாவினன்குடி

மலையேறும் முன் பார்க்க வேண்டிய கோயில் இது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதைத்தான். அறுபடை வீடுகளில் மூன்றாவது வீடு பழனி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் பாடிய மூன்றாம் படைவீடு அடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஆவினன்குடிதான். அருணகிரிநாதர் 'நாத விந்து கலாதீ நமோ நம' என்று பாடி முடிப்பதும் ஆவினன்குடிப் பெருமாளான முருகனிடம்தான். இங்கே முருகன் ஆண்டி இல்லை. மயில் மேல் அமர்ந்த குழந்தை வேலாயுதசாமி. இந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு மேலே போய் அந்த ஆண்டியைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் கதை முழுசாகும்.

அந்தக் கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்தது. நாரதர் ஒரு ஞானப்பழம் கொண்டுவந்து கொடுக்கிறார். பங்கு போடக் கூடாது, ஒருவருக்குத்தான். உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்குப் பழம் என்று முடிவாகிறது. சின்னவன் மயிலேறிப் பறந்துவிட்டான். பெரியவர் அம்மையப்பரைச் சுற்றி வந்து, எனக்கு உலகம் நீங்கள்தான் என்று பழத்தை வாங்கிக்கொண்டார். உலகமெல்லாம் அலைந்து திரும்பியவனுக்கு மிச்சம் கோபம்தான். நகையையும் பட்டையும் உதறிவிட்டு, கோவணத்தோடு இந்த மலையில் வந்து நின்றுவிட்டான். சமாதானம் சொல்ல அம்மையும் அப்பனும் பின்னாலேயே வந்தார்கள். ஔவை 'பழம் நீ' என்று பாடி ஆற்றியதாகவும் சொல்வார்கள். பிள்ளை வளர்த்த எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய சண்டை இது. அதனால்தானோ என்னவோ, பழனியாண்டவரிடம் நம் ஆட்கள் கும்பிடுவதைவிட அதிகமாகப் பேசவே செய்கிறார்கள்.

இந்தப் புராணத்துக்கு முன்பே ஊருக்கு வரலாறு உண்டு. அகநானூற்றின் முதல் பாட்டிலேயே மாமூலனார் பொதினி என்ற ஊரையும் அதை ஆண்ட ஆவி என்ற தலைவனையும் பாடுகிறார். அந்தப் பொதினிதான் பழனி ஆயிற்று என்பது அறிஞர்கள் கருத்து. மயிலுக்குப் போர்வை கொடுத்த வையாவிக் கோப்பெரும் பேகன் இந்த ஆவியர் குடியைச் சேர்ந்தவன். மயில் நடமாடும் மலையில் மயிலுக்கு இரங்கிய அரசன் இருந்திருக்கிறான் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் பிடித்த செய்தி.

திருவாவினன்குடியில் லட்சுமி, காமதேனு, சூரியன், பூமாதேவி, அக்னி ஆகியோர் முருகனை வழிபட்டதாகத் தலபுராணம். தல விருட்சம் நெல்லி. பிராகாரத்தை நிதானமாக ஒரு சுற்று வந்தால் அரை மணி நேரம் போதும்.

முடி காணிக்கை, செல்போன்

மொட்டை போடுவதாக வேண்டுதல் இருந்தால் மலையேறும் முன்பே அடிவாரத்தில் கோயிலின் முடிக்கொட்டகையில் முடித்துவிடுங்கள். இந்து சமய அறநிலையத் துறை 2021-இல் முடிக் காணிக்கைக் கட்டணத்தை நீக்கிவிட்டது; இலவசச் சீட்டு வாங்கிக்கொண்டால் போதும். குழந்தைக்கு மொட்டை என்றால் கூட்டம் சேர்வதற்கு முன் விடியற்காலையில் போய்விடுங்கள். மாற்றுத் துணி, துண்டு, சந்தனம் கையில் இருக்கட்டும். சிலர் ஊருக்கு வெளியே சண்முக நதியில் குளித்துவிட்டு வருவார்கள். ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

செல்போன் விஷயத்தையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் செல்போன், கேமரா கொண்டுபோகத் தடை இருக்கிறது. அடிவாரத்தில் கோயிலின் பாதுகாப்பு மையங்களில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். குடும்பமாகப் போகிறவர்கள், பிரிந்துவிட்டால் மேலே எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். போன் இல்லாமல் அந்தக் கூட்டத்தில் பெரியவர்களைத் தேடுவது சிரமம். சில்லறை நோட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் பணம் செலுத்திப் பழகியவர்கள் மேலே போய் விழிப்பார்கள்.

ஏறும் வழி

வழிகள் நான்கு: படிப்பாதை, யானைப்பாதை, விஞ்ச், ரோப் கார்.

விஞ்ச் 1966-இல் வந்தது. தண்டவாளத்தில் பெட்டியை மேலே இழுக்கும். எட்டு நிமிடம் ஆகும். ரோப் கார் 2004-இலிருந்து ஓடுகிறது. மூன்று நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். காற்று பலமாக அடித்தால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். மாதம் ஒரு நாளும், ஆண்டுக்கு ஒருமுறை பல நாட்களும் பராமரிப்புக்காக ஓடாது. முழங்கால் வலிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் கிளம்பும் முன் இதை விசாரித்துவிட வேண்டும். கூட்ட நாளில் விஞ்சுக்கு நிற்கும் வரிசையை விடப் படியேறுவது சீக்கிரம் முடிந்துவிடும்.

நடக்க முடிந்தவர்கள் நடந்தே ஏறுங்கள் என்பேன். மலை அடிவாரத்திலிருந்து சுமார் 450 அடி உயரம்தான். படிகள் எழுநூறுக்குக் கொஞ்சம் குறைவு. ஓரளவு பழக்கம் உள்ளவர்கள் அரை மணி நேரத்திலும், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறவர்கள் ஒரு மணி நேரத்திலும் மேலே போய்விடலாம். படிப்பாதை செங்குத்தானது. யானைப்பாதை கோயில் யானைக்காகச் சரிவாக அமைந்தது. படிகள் அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கும், சுற்றிச் சுற்றிப் போகும். மூச்சு வாங்குகிறவர்களுக்கும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் யானைப்பாதைதான் சரி. விழா நாட்களில் யானைப்பாதை ஏற, படிப்பாதை இறங்க என்று ஒருவழியாக்கிவிடுவார்கள்.

படியேறத் தொடங்கும் இடத்தில் பாத விநாயகர். தேங்காய் உடைப்பதென்றால் இங்கேதான். பழத்தை வாங்கிக்கொண்ட அண்ணனைக் கும்பிட்டுவிட்டுத்தான் தம்பியைப் பார்க்கப் போகிறோம் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஏறும்போது அவசரம் வேண்டாம். வெறுங்காலோடு ஏறுவதால், வெயில் ஏறுவதற்கு முன் காலையில் போய்விட வேண்டும், அல்லது மாலை நாலு மணிக்கு மேல் கிளம்ப வேண்டும். வழியெல்லாம் நிழலும் உட்கார இடமும் உண்டு. குரங்குகள் இருக்கின்றன, வாழைப்பழத்தைப் பையின் மேலே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு போகாதீர்கள். சில படிகளில் மஞ்சளும் குங்குமமும் பூசி, ஒவ்வொன்றிலும் கற்பூரம் ஏற்றி ஏறும் பெண்களைப் பார்ப்பீர்கள். படிபூஜை அது. அந்தக் கற்பூரம் காலில் படாமல் ஓரமாக ஒதுங்கி ஏறுங்கள்.

பாதி வழியில் இடும்பன் சன்னிதி வரும். இங்கே நின்றுதான் ஆக வேண்டும். காவடிக்கு இவன்தான் மூலம். சூரபத்மனின் படையில் இருந்த அசுரன்; பிறகு அகத்தியரிடம் சீடனானான். கயிலையிலிருந்து சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைப் பொதிகைக்குக் கொண்டுவா என்று அகத்தியர் அனுப்புகிறார். ஒரு தண்டின் இரு முனையிலும் மலைகளைக் கட்டித் தோளில் தூக்கி வருகிறான். இங்கே வந்தபோது களைத்துப்போய் இறக்கி வைக்கிறான். மறுபடி தூக்கப் பார்த்தால் ஒரு மலை அசையவில்லை. மேலே கோவணம் கட்டிய ஒரு சிறுவன் கையில் கோலோடு நின்று, இது என் மலை என்கிறான். சண்டையில் இடும்பன் விழுகிறான். அவன் மனைவி இடும்பியும் அகத்தியரும் வேண்டவே, முருகன் அவனை எழுப்பித் தன் காவல்காரனாக்கிக்கொள்கிறான். உன்னைப் போலத் தோளில் சுமை தூக்கி வருகிறவர்களுக்கு அருள்வேன் என்று வாக்குக் கொடுத்ததாகக் கதை. சிவகிரிதான் நீங்கள் ஏறிக்கொண்டிருக்கும் மலை. எதிரே தெரிகிற இடும்பன் மலைதான் மற்றது. தைப்பூசத்தில் பால் காவடியோ பன்னீர்க் காவடியோ தூக்கி வருகிற ஒவ்வொருவரும் இந்த இடும்பனின் தோளைத்தான் வாங்கிக்கொண்டு நடக்கிறார்கள். தோற்றவனுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் வென்றவனிடம் போக வேண்டும் என்று ஒரு கோயில் வைத்திருக்கிறது என்றால், அதை ஏறிப் பார்க்காமல் கம்பியில் தொங்கிப் போவதற்கு எனக்கு மனசு வராது.

மேலே

உச்சியில் காற்று முதலில் வரவேற்கும். சட்டை காயட்டும் என்று கொஞ்சம் நில்லுங்கள். தெற்கே கொடைக்கானல் மலை, கீழே குளங்களும் வயலும், பக்கத்தில் இடும்பன் மலை. கோயில் மேற்கு பார்த்தது. சாமி சேர நாட்டுப் பக்கம் பார்த்து நிற்கிறான். சேரமான் பெருமாள் கட்டிய கோயில் என்பது வழிவழி வந்த பேச்சு. கேரளத்திலிருந்து இத்தனை பேர் வருவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

தரிசன நேரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒரு நாளைக்கு ஆறு கால பூஜை. காலை ஆறரை மணிக்கு விளா பூஜை. அப்போது சாமி ஆண்டிக் கோலம். எட்டு மணிக்குச் சிறுகாலசந்தியில் வேடன். ஒன்பதுக்குக் காலசந்தியில் பாலசுப்பிரமணியர். பன்னிரண்டுக்கு உச்சிக்காலத்தில் வைதிகர். மாலை ஐந்தரைக்குச் சாயரட்சையில் ராஜா. இரவு எட்டு மணிக்கு இராக்காலத்தில் முதியவர். விழா நாட்களில் நேரம் முன்பின் மாறும்.

பெரும்பாலோர் கேட்பது ராஜ அலங்காரம். கிரீடமும் நகையுமாக அவனைப் பார்க்க ஆசைப்படுவது இயல்புதான். ஆண்டிக் கோலப் படத்தை வீட்டில் மாட்டத் தயங்குகிறவர்களும் உண்டு, வீட்டிலும் ஒன்றும் தங்காதோ என்று. முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது விளா பூஜையைத்தான். கோபித்துக்கொண்டு வந்த பிள்ளை, வலது கையில் தண்டும் இடுப்பில் இடது கையுமாக, எதுவும் வேண்டாம் என்று நிற்கிற கோலம் அது. தண்டின் மேல் இருக்கும் கிளி அருணகிரிநாதர் என்பது நம்பிக்கை. முந்தின இரவு இராக்காலத்தில் சாமி மேனியில் சாத்திய சந்தனத்தைக் காலையில் களைந்து பிரசாதமாகத் தருவார்கள். இராக்காலச் சந்தனம் என்று பெயர். சுண்டு விரல் நுனி அளவு கிடைத்தாலும் பத்திரமாகக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாதபோது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற வழக்கம் உண்டு.

சந்தனத்துக்கு அந்த மதிப்பு வந்தது சிலையால்தான். ஒன்பது பாஷாணங்களைக் கட்டிப் போகர் செய்தது என்பது மரபு. விஷங்களை முறைப்படி கட்டினால் மருந்தாகும் என்ற சித்த மருத்துவ எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. மூலவரைப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்துவிடாதீர்கள். தென்மேற்குப் பிராகாரத்தில் போகர் சமாதி இருக்கிறது. அவர் பூஜித்ததாகச் சொல்லப்படும் மரகதலிங்கமும் புவனேஸ்வரியும் அங்கே உண்டு. போகருக்குப் பின் சீடர் புலிப்பாணியின் வழியினர் தலைமுறை தலைமுறையாக இங்கே வழிபாடு செய்துவருகிறார்கள். மூலவர் சன்னிதியில் தள்ளுமுள்ளு இருந்தாலும் போகரிடம் பெரும்பாலும் இடம் இருக்கும். பத்து நிமிடமாவது உட்காருங்கள்.

மேலேயே நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பசியோடு இறங்க வேண்டாம். மாலையில் இருந்தால், இருட்டிய பிறகு ஏழு மணி வாக்கில் தங்கத்தேர் பிராகாரத்தைச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு இறங்கலாம். "அரோகரா" என்று குரல் எழுந்தால் நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள். கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பவர்களும் இரண்டாவது தடவைக்குள் சொல்லிவிடுகிறார்கள்.

பஞ்சாமிர்தம்

கோயிலின் சொந்த விற்பனை நிலையங்களில் வாங்குங்கள். மேலேயும் கீழேயும் இருக்கின்றன. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பிரசாதம் இது. விருப்பாச்சி, சிறுமலைப் பக்கத்து மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் சேரும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. மலைவாழையில் ஈரம் குறைவு. சர்க்கரையும் தேனும் சேர்ந்து கெடாமல் காக்கின்றன. சர்க்கரையை ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலத்தில் எடுத்து வருகிறார்கள். அந்தப் பக்கத்து விவசாயிகள் பலருக்குப் பழனிக் கோயில்தான் பெரிய வாடிக்கையாளர். டப்பாவில் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். திறந்த பிறகு ஈரக் கரண்டி போடாதீர்கள். வீட்டில் தோசைக்கும் சப்பாத்திக்கும் தொட்டுக்கொள்ளப் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதால் ஒரு டப்பா சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம்.

நேரம் மிச்சம் இருந்தால்

கிரிவீதியை ஒருமுறை வலம் வாருங்கள். இரண்டரைக் கிலோமீட்டருக்குள்தான்; சாயங்காலம் நடக்க இதமாக இருக்கும். அப்புறம் ஊருக்குள் இருக்கும் பெரியநாயகியம்மன் கோயில். பழனி ஊர்க்காரர்களுக்கு இதுதான் ஊர்க்கோயில். தைப்பூசத்துக்குக் கொடி ஏறுவதும் தேர் ஓடுவதும் இங்கேதான். பங்குனி உத்திரத்துத் தேர் கிரிவீதியைச் சுற்றும்.

ஒருமுறை இப்படி அமைதியாக வந்து பார்த்தவர்கள் அடுத்தமுறை விழாவுக்கு நடந்து வர ஆசைப்படுவார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாக நகரத்தார் காவடி வரும். எடப்பாடியிலிருந்து வருகிறவர்கள் மலை மேலேயே பஞ்சாமிர்தம் தயாரித்து, இரவு அங்கேயே தங்கும் உரிமை உள்ளவர்கள். பங்குனி உத்திரத்தில் கொடுமுடிக் காவிரித் தீர்த்தம் காவடியில் வரும். முதல்முறை பாதயாத்திரை என்றால் தனியாகக் கிளம்பாமல் வருஷா வருஷம் நடக்கும் ஒரு குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் சாலையில் லாரிப் போக்குவரத்து அதிகம். இரவில் நடக்கும்போது எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி சாலையின் வலது ஓரமாகவே நடங்கள்; பையின் பின்புறமும் கைத்தடியிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். காலில் கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தாமல் சுத்தமான துணி கட்டி, ஒரு வேளை ஓய்வெடுத்துவிட்டு நடக்கலாம்.